மாடி அலாரத்தின் மூடி

செப். 1, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ரோஜா ஷெட்டில் தரம் பிரிக்கிற வேலை சீக்கிரம் முடிந்தது. கட்டை விரலில் முள், இன்னும் எடுக்கவில்லை.

சாயங்காலம் ரேவதி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கொழுந்தன் மனைவி. என் வீட்டுப் பூஜை அலமாரியில், நான் துலக்கி வைத்த விளக்கை, அவள் ஏற்றினாள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். ஆடி வெள்ளியன்று தீப்பிடித்ததிலிருந்து இதுதான் வழக்கம். மாமியார் உத்தரவு. "தீ வெச்ச கை. அது விளக்கத் தொட வேணாம்."

தீ வைத்தது என் கை இல்லை. அன்றைக்கு ரேவதி புருஷன் முருகேசன் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் சார்ஜில் போட்டிருந்தான். சார்ஜர் புகைந்து, பழந்துணி மூட்டை பற்றி, பீரோவில் இடமில்லாமல் அங்கே வைத்திருந்த என் புடவைப் பெட்டியும் போயிற்று. கல்யாணப் பட்டு உட்பட. நான் தண்ணீர் கொண்டு வருவதற்குள் பேட்டரியையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னான், "அண்ணி சாம்பிராணி போட்ட தூபக்கால மூட்டை மேலயே வெச்சிட்டாங்க." விருந்துக்கு வந்திருந்த காவேரிப்பட்டினத்து மாமா, மாமியாரின் தம்பி, "பொம்பளைக்கு நெருப்புல கவனம் வேணும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் பாயசம் குடித்தார்.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கும் சொன்னேன். போச்சம்பள்ளி கம்பெனி பஸ்ஸுக்கு ஷூ மாட்டிக்கொண்டே, "விடு கலா, தம்பிதானே."

விட மாட்டேன். இனி முருகேசன் என்று முழுப் பெயர்கூட எழுதப் போவதில்லை. மு. போதும். மை மிச்சம்.

செப். 3, புதன்

பார்சல் வந்தது. புகை அலாரம் நான்கு. என் சம்பளத்தில். வெள்ளையாக, வட்டமாக, ஒவ்வொன்றுக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி.

மாமியார் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாடி இது, டப்பா மூடியாட்டம்?"

"புகை வந்தா கத்தும் அத்தை."

"இத்தினி நாளு இல்லாதது இப்ப என்னாத்துக்கு?"

"தீ வெச்ச கை ஊட்டுலயே இருக்குதே. அதுக்கோசரம்தான்."

அலாரத்தை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். இந்த வாரத்தில் இதுதான் நல்ல நிமிடம்.

பேட்டரி போட்டு நான்கையும் அழுத்திப் பார்த்தேன். காது கிழிந்தது. எதிர்வீட்டுக் கன்னடக்காரர் கேட் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனார். கூட வந்த தாளை இரண்டு தடவை படித்தேன். சமையலறையில் மாட்டக் கூடாது, தாளித்தாலே கத்தும். மூலை கூடாது. ஃபேன் பக்கம் கூடாது. படுக்கிற அறை, படிக்கட்டு நல்லது. மாட்டி முடித்ததும் ஆரஞ்சு மூடியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பட்டனை அழுத்தும்போது கத்தும், புகைக்குக் கத்தாது. புகை உள்ளே போனால்தானே.

மு. வந்து இரண்டை எடுத்துக்கொண்டான். "மாடிக்கு நானே மாட்டிக்கிறேன் அண்ணி. எங்க கம்பெனில இதெல்லாம் தெனம் பாக்கறவன்." தாளை நீட்டினேன். வேண்டாம் என்று கை காட்டிவிட்டான்.

கீழே வீட்டுக்காரர் டிரில் போட்டுக் கொடுத்தார். ஒன்று படிக்கட்டுக்கு மேலே. இன்னொன்று பூஜை அலமாரிக்கு நேர் மேலே. அங்கே மாட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மாட்டினேன். நாளை மறுநாள் வெள்ளி. சாம்பிராணி போடுவது யார் கை? ரேவதி கை.

செப். 5, வெள்ளி

மழை இல்லை. வானம் மூடியே இருந்தது.

நடந்தது. ரே. (இனி இவளுக்கும் ஓரெழுத்துதான்) தூபக்காலைத் தூக்கிச் சாமிக்குக் காட்டினாள், அலாரம் கத்தியது, தூபக்கால் கையிலிருந்து விழுந்தது. பாயில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருகல். மாமியார் காதைப் பொத்திக்கொண்டு, "ஒனக்கும் கவனம் இல்லியா? இந்த ஊட்டு மருமவளுங்களே இப்படியா?"

"ஒனக்கும்" என்றார். அந்த 'உம்' எனக்குக் கற்கண்டு. சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

வேலை முடிந்ததும் அலாரத்தைக் கழற்றி ஹால் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில் மாட்டச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

பிறகு படிக்கட்டில் ரே. நிறுத்தினாள்.

"வேணும்னுதான அங்க மாட்டினீங்கக்கா?"

"ஆமா."

"ஒங்க தூபக்கால் இல்லன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்துட்டு நான் எங்க போயி இருக்கறது? ஊத்தங்கரைக்குப் போனா எங்கண்ணன் கதவத் தொறக்க மாட்டான். ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். சாதி மாறிக் கட்டிக்கொண்டு வந்தவள். ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. அப்புறம் என் கல்யாணப் பட்டு ஞாபகம் வந்தது. பாவம் போய்விட்டது.

செப். 8, திங்கள்

இந்த வாரம் லீவு திங்களில். நல்ல வெயில், கடைசியில். போர்வை எல்லாம் துவைத்து மொட்டை மாடியில் போட்டேன்.

மதியம் எடுக்கப் போகும்போது மு. வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. ரே. தூங்கிக்கொண்டிருந்தாள். செல்போன் கம்பெனியில் அவளுக்கு இந்த மாதம் நைட் ஷிஃப்ட், பகலில்தான் தூக்கம். கட்டில் பக்கத்தில் தரையில் பேட்டரி, சார்ஜில், சிவப்பு விளக்கோடு. "கம்பெனிலயே சார்ஜ் போட்டுக்கிறேன்" என்று ஊரெல்லாம் சொல்கிறவன்.

அண்ணாந்து பார்த்தேன். கட்டிலுக்கு நேர் மேலே அலாரம். ஆரஞ்சு மூடியோடு.

மு. வாங்கின பொருளின் பிளாஸ்டிக்கை என்றைக்கும் பிரித்ததில்லை. ஸ்கூட்டர் சீட்டில் இன்னும் கவர். ஃபிரிட்ஜ் கதவில் ஸ்டிக்கர். டிவி ரிமோட் பாலிதீனுக்குள். புதுசு அழுக்காகிவிடுமாம். இதையும் அப்படியே விட்டிருக்கிறான். பட்டனை அழுத்தியிருப்பான், கத்தியிருக்கும், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பான்.

ரே.யை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? யாரும் பார்க்காமல் மூடியைக் கழற்றுவான், அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டினத்து மாமா வருகிறார். அவர் முன்னால்தானே என் மானம் போனது. அவர் முன்னால்தான் இவன் மானமும் போக வேண்டும்.

போர்வையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

செப். 10, புதன்

ஷெட்டில் குளிர் அறை வேலை. சாவித்ரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பக்கத்து மேஜைக்காரி, ஆனேக்கல்லிலிருந்து வருகிறவள். கேட்டுவிட்டு, "பிடு கலா, பிடு" என்றாள். அவள் கன்னடத்திலும் விடு என்றுதான் சொல்கிறாள். உலகத்தில் எல்லோருக்கும் இது ஒன்றுதான் தெரியும் போல.

மூடியைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

காலையில் ரே.யின் கம்பெனி வேன் சத்தம். அவள் படியேறுவது, கதவு, கட்டில் கிரீச். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் மூடி எடுக்காத அலாரத்துக்கு அடியில் படுக்கிறாள். ஷெட்டில் இருக்கும்போது போன் அடித்தாலே வீட்டு நம்பரா என்று பார்க்கிறேன். மதியச் சோறு இறங்கவில்லை, பாதியை நாய்க்குப் போட்டேன்.

ஆனாலும் சொல்லவில்லை. ஞாயிறு வரட்டும்.

வாங்க: கரி, சாம்பிராணி, வெற்றிலை (மாமாவுக்கு), தேங்காய் 2.

செப். 14, ஞாயிறு

மேகம்.

சாப்பாடு முடிந்தது. நாட்டுக்கோழி, ராகிக் களி. நான் எதுவும் தூண்டிவிட வேண்டியிருக்கவில்லை. மு.வே மாமாவை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான், அலாரம் காட்ட. துடைப்பக் குச்சியால் பட்டனைக் குத்தினான். வீல் என்று கத்தியது. "பாத்தீங்களா மாமா? இனிமே அண்ணி என்னா பண்ணாலும் ஊடு தப்பிக்கும்." மாமா சிரித்தார்.

நான் தூபக்காலில் கரி போட்டுத் தயாராக வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு படியேறினேன். பின்னாலேயே மாமியார், முட்டிவலியோடு. "கலா, நெருப்பக் கீழ வை. சொல்றனில்ல, வை."

வைக்கவில்லை. ஸ்டூலில் ஏறி அலாரத்துக்கு அடியில் பிடித்தேன். அறை முழுக்கச் சாம்பிராணி. எனக்கே அலாரம் தெரியாத அளவுக்குப் புகை. சத்தமே இல்லை.

மாமா இருமினார். "என்னாப்பா, கத்தல?"

"அண்ணி வாங்குன மாலு மாமா. டூப்ளிகேட்டு."

ஆரஞ்சு மூடியைத் திருகி எடுத்துக் கீழே போட்டேன். மறுபடி பிடித்தேன். கத்தியது பாருங்கள். மாமா துண்டால் காதைப் பொத்திக்கொண்டார். அதை நிறுத்திவிட்டு, வாரம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தையைச் சொன்னேன். "மூடிய எடுக்கணும் தம்பி. தெனம் பாக்கற ஆளாச்சே, தெரியாதா?"

அவன் முகம் சுண்டிப் போனது. அதைப் பார்க்கத்தான் இத்தனை நாள்.

அதோடு நின்றிருந்தால் அது மட்டும்தான் எனக்கு மிச்சம். ஆனால் மாமியார் படியேறிய களைப்பில் கட்டில் ஓரத்தில் உட்காரப் போய், கீழே கிடந்த போர்வையில் காலை வைத்துவிட்டு எடுத்தார். "என்னாடா இது, சுடுது?" போர்வையை விலக்கினார். பேட்டரி. சார்ஜர். சார்ஜரின் ஒரு பக்கம் உருகிக் கருத்து, மேலே டேப் சுற்றியிருந்தது.

"இது எங்க வெந்துச்சு?"

"அது... கம்பெனில, எம்மா..."

"படிக்கட்டுக்குக் கீழ அத்தை," என்றாள் ரே., கதவோரத்திலிருந்து. தலையை நிமிர்த்தவே இல்லை. "ஆடி வெள்ளியன்னிக்கு. அக்கா மேல தப்பு இல்ல."

மாமா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மு. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

நானும் ரே.யும் மட்டும். அவள் குனிந்து ஆரஞ்சு மூடியை எடுத்தாள்.

"இது போட்டிருக்கறது ஒங்களுக்கு எப்பத் தெரியும்க்கா?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் எனக்காக வாயைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பொய் வரவில்லை.

"போன திங்கக்கெழம. போர்வை எடுக்க வந்தப்ப."

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "நான் அப்பத் தூங்கிக்கினு இருந்தேன், இல்ல?"

"ஆமா."

மூடியைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக.

செப். 15, திங்கள்

வெயில். மு. கேட் பக்கத்தில், வெளியே, சார்ஜ் போட்டிருக்கிறான். என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறான்.

சாயங்காலம் மாமியார் தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். "நீயே ஏத்து."

திரி திரித்து, எண்ணெய் ஊற்றி, ஏற்றினேன். ஆடியிலிருந்து இதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கும்பிட்டுக்கொண்டு நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மாடியில் அலாரம் கத்தியது. நின்றது. ஊதுபத்தி வாசம் படிவழியாக இறங்கி வந்தது. பட்டனை நம்பாமல் புகை காட்டிப் பார்க்கிறாள். மறுபடி கத்தியது. நின்றது. மறுபடி.

"என்னாத்துக்கு இத்தினி வாட்டி பாக்கறா அவ?" என்று மாமியார் என்னைக் கேட்டார்.