மரங்கொத்தி வரும் சனிக்கிழமைகள்

ஜனவரி 12, சனி

இன்றும் போய்வந்தேன். செப்டம்பரிலிருந்து ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

காரில் டக் டக் சத்தம் கூடியிருக்கிறது. ஏற்றத்தில் மிதித்தால் யாரோ உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவது போல. பாட்ரிஸ் வீட்டு வாசலில் நிறுத்தி நான் இறங்குவதற்குள் ஜோஸி செருப்பில்லாமல் பனியில் ஓடி வந்துவிட்டாள்.

"பாலத்துகிட்ட வரும்போதே கேட்டிருச்சும்மா! உன் கார்ல மரங்கொத்தி இருக்கு."

"அது சம்பளம் வாங்காம வேலை செய்யுதுடி," என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாட்ரிஸ் கதவில் சாய்ந்துகொண்டு, "தெருவே எழுந்துக்குது லோர்னா," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

மார்ச்சில் விசாரணை. ஜோஸியின் அப்பா ராய் சிறைக்குப் போய், வாடகை வீடும் கைவிட்டுப் போன வருஷம், நீதிமன்றம் குழந்தையை அவன் அக்கா பாட்ரிஸிடம் கொடுத்தது. திரும்பக் கிடைக்க எனக்குச் சொன்னவை: வீடு, வேலை, நம்பகமான வாகனம், தவறாத சனிக்கிழமைச் சந்திப்பு. இப்போது என் அப்பா வீட்டில் ஜோஸிக்குத் தனி அறை இருக்கிறது. முதியோர் இல்லத்தில் வேலை இருக்கிறது. நான்கு சக்கரம் இருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் ஓடினால் போதும்.

ஜனவரி 14, திங்கள்

அப்பா அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பனிமேல் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் கிடந்தார். வலிப்பு வந்த பிறகு அவருக்கு ஓட்டும் உரிமை போய்விட்டது. வண்டிக்கு அடியில் படுக்கும் உரிமையை யாரும் பிடுங்கவில்லை.

இறக்கிய ஆயிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெள்ளிப் பொடி போல ஏதோ மின்னியது. "என்னப்பா அது?" என்றேன். துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கெட்டியான ஆயில் ஊத்தறேன். சத்தம் அடங்கிரும்," என்றார்.

அடங்கியது! தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். பழைய ஆயில் ஃபில்டரில் வெள்ளை மார்க்கரால் தேதியும் ஓடிய மைலும் எழுதி வாளியில் போட்டார். எல்லா ஃபில்டரையும் அப்படித்தான் வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் எல்லோருமே சொந்தமாக ஆயில் மாற்றுகிறவர்கள்தான். ஆனால் வாளி வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான்.

"ஆயில் மாத்த அடுத்தவனைக் கூப்பிடறவனுக்கு எதுக்கு வண்டி?" பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஜனவரி 21, திங்கள்

கூட வேலை பார்க்கும் ஒடெஸாவிடம் வண்டிச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் தட்டுகளை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அடியே, எந்த வருஷத்து வண்டி? எங்க சித்தி மகனுக்கும் இதே கார்தான். டக் டக்னு அடிச்சுது, ஒருநாள் நடுரோட்டுல படுத்துருச்சு. கம்பெனிக்காரனே புது இன்ஜின் போட்டுக் கொடுத்தான்டி, சும்மா! செஞ்சதே கோளாறாம். நீ ஏன் இன்னும் வாயை மூடிட்டு ஓட்டுற?"

இணையத்தில் பார்த்தேன். கோளாறான வண்டிகளின் பட்டியலில் என் வண்டியும் இருக்கிறது. தெரிந்தே விற்றிருக்கிறார்கள். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. நான் மூன்றாவது சொந்தக்காரி, என் முகவரி யாருக்குத் தெரியும்?

ஷோரூமுக்குப் போன் செய்தேன். வண்டியைப் பார்க்கப் பிப்ரவரி 5-க்கு முன்னால் இடமில்லையாம். "சத்தம் இப்போ எப்படி இருக்கு மேடம்?" "குறைஞ்சிருக்கு." "அப்போ ஓட்டலாம்."

ஜனவரி 26, சனி

23ஆம் நெடுஞ்சாலை. மேட்டில் ஏறும்போது சத்தம் திரும்ப வந்தது. தட்டல் இல்லை, இடி. ரேடியோவைக் கூட்டினேன். என்ன புத்தி அது! கேட்காவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா?

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. ஒரு முறிவு, இரும்பு இரும்பை உடைக்கிற மாதிரி. அப்புறம் எதுவுமே இல்லை. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே என்னை உரசிப் போனது. எப்படி ஓரத்துக்கு வந்தேன் என்று தெரியவில்லை. பானெட்டிலிருந்து புகை. பக்கத்து இருக்கையில் ஜோஸிக்கு வாங்கிய டோனட் பெட்டி.

பாட்ரிஸுக்குப் போன் செய்தேன்.

"அடடா. நீ பத்திரமா இருக்கியா? சரி... கோர்ட்டுக்கு வண்டி நின்னுடுச்சுன்னுதான் எழுதப்போறேன். ஆனா வரலன்னும் எழுதித்தானே ஆகணும் லோர்னா?"

பின்னால் ஜோஸியின் குரல்: "இன்னும் பாலத்துக்கு வரலையா அத்தை?"

பிப்ரவரி 2, சனி

போகவில்லை. ஊரில் பஸ் கிடையாது. ஒடெஸாவுக்குச் சனிக்கிழமை வேலை.

பிப்ரவரி 5, செவ்வாய்

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஷோரூம். அப்பா வாளியோடு வந்தார். முன்னாலேயே சொன்னேன், வேண்டாம்ப்பா என்று.

கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். "ஆயில் மாத்தின ரசீது வேணும் மேடம். பராமரிப்புக்கு ஆதாரம்."

அப்பா ஃபில்டர்களை எடுத்து வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். பையன் ஓடிப்போய் ஒரு பழைய நாளிதழ் கொண்டுவந்து அடியில் விரித்தான்.

"ஒண்ணு விடாம தேதி போட்டிருக்கேன், பாரு. நானே மாத்தினது."

"யாரு வேணா எழுதலாமே சார்."

"நான் பொய் சொல்றேன்னு சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லல சார். கம்பெனி ரசீதுதான் கேக்குது."

அப்பா ரொக்கம் கொடுத்து ஆயில் வாங்குவது சந்தைக்கடையில். அங்கே ஏது ரசீது? நான் கத்தினேன். கோளாறான இன்ஜினைச் செய்தது நீங்கள், ரசீது கேட்பது எங்களிடமா? பொறுமையாகக் கேட்டான். உள்ளே போய் ஒரு தாளோடு வந்தான்.

"இன்னொண்ணும் இருக்கு. இப்போ உள்ள இருக்கறது இந்த இன்ஜினுக்குச் சொன்ன ஆயில் இல்ல. ரொம்பக் கெட்டி. சத்தத்தை மறைக்க ஊத்துவாங்க... இதோட வாரண்டியே போயிடும் சார்."

அப்பா ஃபில்டர்களை ஒவ்வொன்றாக வாளியில் திரும்பப் போட்டார். ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

பிப்ரவரி 9, சனி

இல்லை.

பிப்ரவரி 16, சனி

போனில் பேசினேன். ஜோஸி, "மரங்கொத்திக்கு உடம்பு சரியாச்சா?" என்று கேட்டாள். பொய் சொன்னேன்.

பிப்ரவரி 20, புதன்

வேலைக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது முறையாகத் தாமதம். இல்லத்தில் என் வேலை நேரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். "உனக்கும் வசதியா இருக்கும்னு நெனச்சோம்," என்றார் மேலாளர். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

மார்ச் 14, வியாழன்

என் வக்கீல் கோர்ட்டு வராந்தாவில்தான் என் கோப்பைப் பிரித்தார். உள்ளே எல்லாம் சீக்கிரம் முடிந்தது.

"உங்களிடம் நம்பகமான வாகனம் இருக்கிறதா?" என்றார் நீதிபதி.

இருந்தது, ஐயா. அதை நம்பித்தானே ஓட்டினேன். இதைச் சொல்லவில்லை. "இப்போதைக்கு இல்லை," என்றேன்.

ஜனவரி கடைசியிலிருந்து வராத சனிக்கிழமைகளை வாசித்தார்கள். செப்டம்பரிலிருந்து வந்த சனிக்கிழமைகளை யாரும் வாசிக்கவில்லை. ஜோஸி பாட்ரிஸிடமே இருப்பாள். அடுத்த வருஷம் மறுபடி பார்ப்பார்களாம். அதுவரை நான் மாதம் ஒருமுறை.

கார் இல்லாதவளுக்குப் புள்ள எதுக்குன்னு நேராவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! ஓட்டை இன்ஜினைத் தலையில கட்டினவனை எந்தக் கோர்ட்டு கூப்பிட்டுக் கேட்டுச்சு? அவன் என்னைக்காவது ஒரு சனிக்கிழமைக்குக் கணக்குச் சொல்லியிருக்கானா?

அப்பா வெளியே பெஞ்சில் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் குப்பைத் தொட்டிக்குள் வாளி. ஃபில்டர்களோடு. நான் எடுக்கவுமில்லை, கேட்கவுமில்லை. "உங்க மேல தப்பு இல்லப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை?

ஏப்ரல் 10, புதன்

ஒடெஸா சனிக்கிழமை விடுப்பு எடுத்து என்னைக் கூட்டிப்போகிறாள். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி, "அவ கார்ல ஆயில் கடையிலதானே மாத்துறா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது," என்றார்.

ஏப்ரல் 13, சனி

ஒடெஸாவின் கார் பாலத்தைத் தாண்டியதே தெரியவில்லை. வாசலில் நின்றது. யாரும் ஓடி வரவில்லை. மணியை அடித்தேன். பாட்ரிஸ் திறந்தாள்.

ஜோஸி ஜன்னலோரம் முட்டி போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். திரும்பியவள் திகைத்துப் போனாள்.

"எப்பம்மா வந்தே? சத்தமே கேக்கல. நீ இன்னிக்கும் வரலன்னு நெனச்சேன்."

முடி வளர்ந்திருக்கிறது. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. எப்போது விழுந்தது என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அடுத்த தடவை பாலத்துகிட்ட வரும்போதே ஹாரன் அடிம்மா. பெருசா. நான் ஓடி வந்துடுவேன்."

"இந்தத் தெருவுல ஹாரன் அடிக்கக் கூடாது கண்ணு," என்றாள் பாட்ரிஸ், சிரித்துக்கொண்டே.

"சரி," என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.