ஒரு முறம் தவிடு

பெரிம்மா,

காலையில் கம்பெனி பஸ் ரைஸ் மில்லைத் தாண்டும்போது தவிட்டு வாசனை குப்பென்று உள்ளே வந்தது. மற்ற பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்கள். நான் சாத்தவில்லை. கும்மிடிப்பூண்டி வரும்வரை மனதுக்குள் உன்னிடம்தான் பேசிக்கொண்டு வந்தேன். நீ போய் இரண்டு ஆடி முடிந்துவிட்டது. இப்போதுதான் எனக்கு எழுதத் துணிச்சல் வருகிறது.

பிள்ளைகளைச் சீண்டுவதற்கு, "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நீ என்னை நிஜமாகவே வாங்கினாய். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரியான நீ ஒரு முறம் தவிட்டோடு வந்து, அதை அம்மாவின் முந்தானையில் கொட்டிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போனாயாம். "மாட்டுக்கு வெக்கிற தவுட்டுக்கு வாங்குனது. இத தூக்கினு போயி எமன் இன்னா பண்ணுவான்?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாயாம். எமன் காதிலும் விழ வேண்டுமே!

மூன்று நாள் நான் உன் பிள்ளை. பால் கொடுக்க வந்த அம்மாவே வாசலில் நின்று, "எக்கா, ஒங்க கொழந்தைக்குப் பால் குடுத்துட்டுப் போவட்டா?" என்று கேட்க வேண்டும். சிரிக்காமல் கேட்டால்தான் உள்ளே விடுவாயாம். நாலாம் நாள் என்னை அம்மாவிடம் வளர்க்கக் கொடுத்தாய். திருப்பிக் கொடுக்கவில்லை, வளர்க்கத்தான். தவிட்டம்மாள் என்ற பெயர் எனக்கு அப்படி வந்தது. உனக்கென்று பிள்ளை இல்லை. பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வேப்பிலைச் சேலை கட்டிக்கொடுத்துப் பிழைத்தவள், அவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி "எம்பொண்ணு" என்பாய்.

ஸ்கூலில் என்னைக் கண்டாலே பையன்கள் மாடு மாதிரி கத்தினார்கள். அழுதுகொண்டு வந்து உன்மேல்தான் எரிந்து விழுவேன். "உசுரோட கீறே இல்ல? கத்திட்டுப் போறானுங்க, உடு" என்று அடுத்த வேப்பங்கொத்தை எடுப்பாய்.

நான் விடவில்லை. பதினெட்டு முடிந்ததும் கெஜட்டில் கொடுத்து தாரணி ஆனேன். கம்பெனி அடையாள அட்டையிலும் தாரணிதான். அம்மாவுக்கு மட்டும் தெரியும். உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் கடைசி ஆடியில் நீ இரண்டு பஸ் மாறி, தூக்குவாளியில் அம்மனுக்கு ஊற்றிய கூழோடு கம்பெனி வாசலுக்கே வந்தாய். நான் கூட வேலை செய்கிற பெண்களோடு டீ குடித்துவிட்டு உள்ளே நுழைந்துகொண்டிருந்தேன். "இன்னா பேரு? தவுட்டம்மாவா? அப்படி யாரும் இங்க கெடையாது ஆயா" என்று உன்னிடம் சொன்ன செக்யூரிட்டி அண்ணன், எங்களைப் பார்த்துச் சிரித்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பெரிம்மா.

நீ என் முகத்தைப் பார்த்தாய். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாய். உனக்குப் படிக்க வராது. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. "நான்தான் சார் கம்பெனி மாறி வந்துட்டேன் போல" என்று அவரிடம் சொல்லிவிட்டு, தூக்குவாளியை முந்தானையால் மூடிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாய். பத்தடி தூரம்கூட இல்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாய். நான் பஞ்ச் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து உன் காலில் விழலாம் என்று இருந்தேன். ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் ஓவர்டைம் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். பொய். அன்றைக்கு லீவு. உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று ரூமிலேயே சுருண்டு கிடந்தேன். புதன்கிழமை அம்மா போன் செய்தாள். மார்வலி என்றாயாம், வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

வாய்க்கரிசி போட பொண்ணு முறையில் யார் என்று கேட்டபோது, அம்மா என்னைத்தான் முன்னால் தள்ளினாள். தள்ளும்போது காதோரம் சொன்னாள்: "ஒன்ன கம்பெனில வந்து பாத்துட்டு அவ்ளோ சந்தோசமா வந்தாடி. எம்பொண்ணு கூழ் ஃபுல்லா குடிச்சா, நல்லா கீறான்னு சொன்னா." குனிந்து உன் வாயில் அரிசியைப் போட்டேன். நீ அந்த வாசலில் மட்டுமல்ல, வீட்டிலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் உன்னைத் தெரியாது என்றுவிட்டேன். இதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக செக்யூரிட்டி அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, தவுட்டம்மான்னு கேட்டுக்கினு யாருன்னா வந்தா என்னக் கூப்புடுங்க."

"யாரும்மா அது?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. கேட் நோட்டைப் புரட்டி, தாரணிக்குப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு இனி யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாகூட இப்போது தாரணி என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனாலும் நோட்டில் இருக்கட்டும், பெரிம்மா.

நீ வாங்கிய,
தவிட்டம்மாள்