குதிகால் வார்

வனத்துறைச் சோதனைச் சாவடி,
வியாழன் காலை.

அன்புத் தங்கை எலிவாலுக்கு,

அண்ணன் எழுதுவது. மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடு. நான் தைத்து அனுப்பிய தோலுறையையும் வாரையும் கழற்றிக் கீழே வை. வைத்தாயா? நான் சொன்னதை நீ ஒரே தடவையில் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. அதனால் மறுபடியும் சொல்கிறேன். கழற்று.

என் வேலையில் குறை கண்டுபிடிப்பதுதான் சின்ன வயதிலிருந்து உனக்குப் பிடித்த விளையாட்டு. இந்தத் தடவை உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம். நானே கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு கையில் துப்பாக்கியோடு காவல் கோபுரத்து ஏணி ஏறப் பயமாக இருக்கிறது, வார் மாட்ட வழியில்லை, எண் குத்தின துப்பாக்கிக் கட்டை, ஓட்டை போடக் கூடாது, வருஷா வருஷம் அதிகாரி தடவிப் பார்ப்பார் என்று நீ எழுதியதும் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். முப்பது வருஷமாகச் செருப்பும் ஷூவும் தைக்கிறவனுக்கு ஒரு துப்பாக்கிக்கு வார் போடத் தெரியாதா? செய்தித்தாள் மேல் துப்பாக்கியைப் படுக்கவைத்து நீ கோடு போட்டு அனுப்பியதை வைத்து, பக்கத்துக் கடைத் தச்சர் மரத்திலேயே ஒரு துப்பாக்கி செதுக்கித் தந்தார். "இதத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னா காக்காகூட பயப்படாது" என்றாள் உன் அண்ணி. தோலை நனைத்துக் கட்டையின் பின்பாகத்தில் சுற்றி, ஷூவுக்கு லேஸ் கட்டுவது போலக் கயிறு கோத்து இறுக்கிக் காயவைத்தேன். அடியில் ஒரு வளையம். முன்னால் குழலையும் கட்டையையும் சேர்த்து வாரால் இரண்டு சுற்று. ஒரு கீறல் கிடையாது. பழந்தோலில் ஒத்திகைக்கு ஒன்று, நல்ல தோலில் உனக்கு ஒன்று.

உன்னுடையதை அனுப்பிவிட்டு, ஒத்திகை உறையை அந்த மரத்துப்பாக்கியோடு கடை ஆணியில் மாட்டிவைத்தேன், வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்ள. மூன்று வாரம் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்குள் சாரல் அடித்தது. நேற்றுக் காலை கடையைத் திறந்தால் ஆணியில் வார் மட்டும் தொங்குகிறது. துப்பாக்கி தரையில் கிடக்கிறது.

கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் புத்தி செருப்புப் புத்தி. ஷூவில் பாதம் குறுகலான முனைக்குள் போய் முட்டி நிற்கும், போகப் போக இறுகும். துப்பாக்கிக் கட்டை அதற்கு நேர்மாறு. பின்னால் பருத்து, கை பிடிக்கும் இடத்தில் மெலிந்தது. வார் உறையை முன்னால்தான் இழுக்கிறது. காய்ந்த தோல் கவ்விப் பிடித்துக்கொண்டது. ஈரமானதும் இளகி, மெலிந்த பக்கம் ஓடித் தொளதொளத்துவிட்டது. உனக்கு நல்ல தோல் போட்டால் மட்டும் என்ன, அதுவும் தோல்தானே.

உன் போன கடிதத்தை மனப்பாடமாகச் சொல்வேன். "இப்ப ரெண்டு கையும் ஏணியில இருக்கு அண்ணே, குடுகுடுன்னு ஏறிடறேன், பயமே இல்ல" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அண்ணியிடம் நான் எத்தனை தரம் படித்துக் காட்டியிருப்பேன். பயந்து பயந்து ஏறிக்கொண்டிருந்தவளைப் பயமில்லாமல் ஏறவைத்தவன் நான்.

நேற்று உங்கள் ஆபீசுக்கு நாலு தடவை போன் போட்டேன். காவல் கோபுரத்து வயர்லெஸ் பேசவில்லையாம். "மழைன்னா அப்படித்தான், சொல்லிடறோம்" என்றார்கள். எப்போது சொல்வார்கள் என்று கேட்டால் வயர்லெஸ் பேசினதும் என்றார்கள். இன்று முதல் பஸ்ஸில் இங்கே வந்துவிட்டேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். மீசைக்கார வாட்சர் என் பையைத் திறந்து ஊசி, உளி எல்லாம் பார்த்துவிட்டு, "காட்டுக்குள்ள யாருக்கய்யா செருப்பு தைக்கப் போற, யானைக்கா?" என்றார். வேறு நாளாக இருந்தால் ஒரு காலுக்கு அளவு எடுத்துவரச் சொல்லியிருப்பேன். இன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அதன்பிறகு பெஞ்சில் இடம் கொடுத்தார், பேனாவும் கொடுத்தார். உள்ளே விடத்தான் அவருக்கு அதிகாரம் இல்லை. ரேஷன் ஜீப் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். டிரைவரிடம் இதைக் கொடுக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் உன் மலை தெரியவில்லை, மழைதான் தெரிகிறது.

இதோடு ராத்திரியே தைத்த புது உறையும் ஒரு பட்டை வாரும் வைத்திருக்கிறேன். செருப்புக்குக் குதிகால் வார் இருக்கிறதல்லவா, அந்தப் பட்டை அதுவேதான். புது உறையின் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறது, கயிறு போகும் ஓட்டைகளுக்குப் பின்னால். அதில் இரண்டு நுனியையும் மாட்டிப் பட்டையைக் கட்டையின் பின்முனையைச் சுற்றிக் கொண்டுவந்து பக்கிளைப் போடு. பிறகு உறை முன்னால் ஓட முடியாது. உடனே தோளில் போடாதே. தாழ்வான ஆணியில் தோட்டா போடாத துப்பாக்கியை மாட்டி, உறையையும் வாரையும் நனைத்து, ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பார். அதுவரை ஏணி வேண்டாம். யார் கேட்டாலும் காய்ச்சல் என்று சொல். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க நீ சொல்லாத காய்ச்சலா?

ஒன்று எழுத வேண்டும். இதுவரை நாம் இருவரும் பேசாதது. மாப்பிள்ளை அந்த ஏணியிலிருந்து விழுந்து இறந்த அன்று அவர் கை நழுவவில்லை, துப்பாக்கிதான் நழுவியது என்று அவரோடு இருந்தவர் என்னிடம் சொன்னார். அதைப் பிடிக்கத்தான் ஏணியை விட்டாராம். "எண் குத்தின கட்டை, பதில் சொல்லணும்" என்று எப்போதும் சொல்வாராம். உனக்குத் தாங்காது என்று மறைத்தேன். அவர் வேலையை உனக்குக் கொடுத்தபோதும் மறைத்தேன். அவர் பார்த்துப் பார்த்துத் துடைத்து வைத்த அதே துப்பாக்கியைத்தான் உனக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்று நீ எழுதினாயே, அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

அது கீழே போனால் போகட்டும் அம்மா. உடைந்தால் உடையட்டும். அதிகாரி கேட்டால் என் அண்ணன் தைத்த லட்சணம் என்று சொல், நான் வந்து நிற்கிறேன். நீ ஏணியிலிருந்து கையை மட்டும் எடுக்காதே.

ஜீப் நாளை சாயங்காலம் திரும்பும் என்கிறார்கள். பழைய உறையை டிரைவரிடம் கொடுத்து அனுப்பு. பதில் எழுத வேண்டாம், திட்டக்கூட வேண்டாம். அந்த உறை என் கைக்கு வரும்வரை நான் இந்தப் பெஞ்சிலேயே இருப்பேன்.

நீ நல்லா இருக்கணும். நல்லா இருடி.

உன் அண்ணன்