இடது பக்கம் நழுவும் சுழி

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன், அதாவது உன் ஆய்வகத்து பம்பு மெக்கானிக், எழுதிக்கொள்வது. இங்கு நலம். அங்கு உன் அக்கா என்னைத் திட்டுவதை நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கச் சொல். காரணம் கீழே இருக்கிறது.

முதலில் வம்பு. உன் ராஜினாமாவை ஆய்வகத் தலைவர் இன்னும் மேலே அனுப்பவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பார்க்கறேன்யா, அப்புறம் என் கையில இல்லை" என்றார். உன் கருவியைக் கழற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

கழற்றுமுன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்றாள் உன் மாணவி, அந்த லேசர்க்காரி. எனக்கும் ஆசை. இருபது வருஷமாக பம்பு மாட்டுகிறேன், உள்ளே என்ன வேகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வேகிறதாவது! அத்தனை குளிராம். உள்ளே மிதக்கும் அணு மேகத்தை லேசரால் கலக்கினால் காப்பி மாதிரி மொத்தமாகச் சுற்றாதாம். ஒரே அளவில் குட்டிக் குட்டி ஓட்டைகளாகச் சுழி விழுமாம். ஒற்றைச் சுழி நடுவில் இருக்கும்வரை அழியாது, விளிம்புக்கு நழுவினால்தான் சாகும் என்றாள். நடுவிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அவிழாதா என்றேன். "அரைச் சுற்றெல்லாம் கிடையாது சார். முழுசா இருக்கும், இல்லேன்னா இருக்காது." நம் வீட்டுச் சண்டையைப் பார்த்துத்தான் சொல்கிறாளோ என்று பயந்துவிட்டேன்.

ஓட்டினோம். உனக்கு நழுவியது போலவே, நாலே நொடியில் இடது பக்கம் நழுவிச் செத்தது. "இடது பக்கம் அப்படி என்னதான் சார் இருக்கு?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேஜைக்கு அடியில் கைவிட்டேன். திருகாணி சிதறாமலிருக்க நான் ஒட்டிவைத்த காந்தத் தட்டு! மேகத்தை ஒரு பக்கமாக இழுத்தது அதுதான். 'காந்தம் கொண்டு வராதீர்' என்று சுவரில் பலகை மாட்டியதும் இதே மகானுபாவன்தான்.

தட்டை அடுத்த அறையில் வைத்தோம். படமெடுத்தால் மேகம் கலைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு நொடிக்கும் புதிதாக ஒரு மேகம் செய்தோம். பன்னிரண்டாம் நொடியிலும் சுழி நடுவிலேயே நின்றது. உன் கணக்கு சொன்னபடியே. தலைவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். "அந்தம்மா இத்தனை மாசமா தன்னையே நொந்துக்கிட்டாங்களேய்யா" என்றார், அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கிளம்பிய அன்று, "நான் போட்ட கணக்குதான் தப்பாங்க?" என்று கேட்டாய். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, இருக்கலாம் என்றேன். தட்டை எடுத்துவிட்டேன்; அந்த வார்த்தையை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

என்னோடு பேச வேண்டாம். வியாழக்கிழமைக்குள் தலைவரோடு மட்டும் பேசிவிடு. கருவியில் ஒரு திருகாணியைக்கூட நான் கழற்றவில்லை.

நீ நன்றாயிருக்க வேண்டும் என்று மட்டும் நினைக்கும்,
உன்னவன்.