மூணு விரல் விருந்தாளி

புழல் சிறை
3.6.2024

திலீப்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கையை வெட்டியவனே நலம் விசாரித்தால் உனக்கு எரிச்சல்தான் வரும். நாளை ஜாமீனில் போகிற இசக்கிப்பாண்டியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதிகாரிகள் கண்ணில் படாது.

ஜூலை 22 அன்று கோர்ட்டில் நீதான் சாட்சி. கைதவறிக் கத்தி பட்டுவிட்டது என்று சொல்லிவிடு. மாற்றிச் சொன்னால், நான் வெளியே வருகிற அன்று மிச்ச விரலும் உனக்கு இருக்காது.

நீ விற்றது வெறும் பொம்மையாடா? திருவொற்றியூர் தியேட்டரை இடித்தபோது டிக்கெட் கவுண்டர் மேலிருந்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து இறக்கிய முகம். ‘மூணு விரல் விருந்தாளி’ டப்பிங் படம் ஓடியபோது, வேற்றுக்கிரகத்தான் முகத்தைத் தியேட்டர்காரரே காகிதக்கூழில் செய்து பச்சை அடித்து மாட்டினார். உலகத்தில் அது ஒன்றுதான். என் வீட்டுப் பரணில் இருந்ததை நீ பழைய சினிமாப் பொருள் வாங்குகிற பம்பாய்க்காரனுக்குப் படம் பிடித்து அனுப்பினாய். நான் கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அதைக் காணோம். வேறு யார் எடுத்திருப்பார்கள்?

ஜெயவேல்

மாத்தூர்
15.6.2024

ஜெயவேலுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. டீக்கடை நவ்ரீன் அக்காதான் தரையில் தேடிப் பொறுக்கி ஐஸில் போட்டுக் கொண்டுவந்தார். டாக்டரால் ஒட்ட முடியவில்லை.

நான் வேலை செய்கிற மணலி லாரி ஷெட்டுக்கு நீ வந்தபோது உனக்கும் சேர்த்துத்தான் டீ சொன்னேன். “எங்கடா அது?” என்றாய். “இன்னாது?” என்றேன். அவ்வளவுதான் நாம் பேசியது. மீன் வெட்டுகிற கத்தியை என் முகத்துக்கு நேராக வீசினாய். கையைக் குறுக்கே நீட்டியதால் பிழைத்தேன்.

பம்பாய்க்காரர் கேட்டது உண்மை. உன்னைக் கேட்காமல் தர முடியாது என்று நான்தான் மறுத்தேன். அந்தப் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. வெட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கேட்டிருக்கலாமே.

திலீப்

புழல்
22.6.2024

திலீப்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பொம்மைக்காகக் கத்தி எடுத்தவன் என்று நேற்று இங்கே ஒருவன் சிரித்தான். சாப்பாட்டுத் தட்டாலேயே அடித்தேன், அவன் முன்பல் இரண்டு விழுந்தது. என்னைத் தனி அறையில் போட்டுவிட்டார்கள். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஆறாம் வகுப்பில் அந்தப் படம் பார்த்த நாளிலிருந்து, எதிரே வந்தால் விருந்தாளி மாதிரி இரண்டு விரலை மடக்கி, மூன்றைக் காட்டித்தானே வணக்கம் வைப்போம்? முப்பது வருஷம் அப்படி வணக்கம் வைத்துவிட்டு என் பொருளைத் தூக்கினவன் நீ.

ஜெயவேல்

மாத்தூர்
8.7.2024

ஜெயவேலுக்கு,

நேற்று எர்ணாவூர் போனேன். உன் தங்கை செங்கொடி அங்கே வீடு கட்டுகிறாள் இல்லையா, பாதிச் சுவர் எழும்பிவிட்டது. எல்லோரும் திருஷ்டி பொம்மை கட்டுகிற இடத்தில், பூசணிக்காய்க்குப் பக்கத்தில், நம் பச்சை முகம் தொங்குகிறது. நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறாள். மழையில் ஒரு கண் பெயர்ந்துவிட்டது.

யார் கொடுத்தது என்று கேட்டேன். “அண்ணன் வூட்டுப் பரண்ல சும்மா கெடந்துச்சுண்ணே. கண்ணு முட்டை முட்டையா கீதே, திருஷ்டிக்கு நல்லதுன்னு எடுத்தாந்தேன். அண்ணன் கடலுக்குப் போய்கீது, வந்தா சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன்” என்றாள்.

நம் சண்டை நாம் சேர்த்த ஏதோ சினிமா போஸ்டருக்காக என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் கையைப் பார்த்துக் கண் கலங்கி மோர் கொடுத்தாள். குடித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

திலீப்

புழல்
14.7.2024

என் திலீபுக்கு,

படித்ததும் வலது கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து அறைக்காரர் இதை எழுதுகிறார். வலிக்கிறது, ஆனால் போதவில்லை.

எனக்காகப் பொய் சொல்லாதே. அந்த முகத்தை இறக்கி எரித்துவிடு. என்றைக்காவது வெளியே வந்தால் உன் வீட்டு வாசலுக்கு வரலாமா? அதை மட்டும் எழுது.

உன் ஜெயவேல்

மாத்தூர்
18.7.2024

ஜெயவேலுக்கு,

முகத்தை எரிக்கவில்லை, அங்கேயே இருக்கட்டும். செங்கொடியிடம் எதையும் சொல்லவில்லை. அவளாவது நிம்மதியாகக் குடிபோகட்டும்.

இத்தனை வருஷம் நாம் சேர்த்த போஸ்டர்கள், பாட்டுப் புத்தகங்கள், தகரப் பறக்கும் தட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டி உன் வீட்டில் வைத்துவிட்டேன். என் பங்கும் அதில்தான் இருக்கிறது. எனக்கு வேண்டாம். என் வாசலுக்கு வராதே.

திங்கட்கிழமை கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொல்வேன். நீதிபதி கையைக் காட்டச் சொல்வார். தூக்கிக் காட்டுவேன். தலையைக் குனிந்துகொள்ளாமல் பார். அந்த வணக்கத்துக்கு இனி நான் எந்த விரலையும் மடக்க வேண்டியதில்லை.

திலீப்