சாட்சி இல்லாத நினைப்பு

ஆவணி 17, புதன்

காலையில் தூறல். துணி காயவில்லை. அரை நாள் லீவு. தூக்கம் வராததற்காக மனநல ஆலோசகரைப் பார்த்தேன். சின்னப் பெண். "மனசுல வர்ற நினைப்ப எழுதுங்க மேடம். பக்கத்துல சாட்சி எழுதுங்க. சாட்சி இல்லன்னா அடிச்சிடுங்க."

கலெக்டர் ஆபீஸில் இத்தனை வருஷம் கோப்பு பார்த்தவளுக்கு இதைச் சொல்லித்தர ஒரு ஆள்.

வாங்கியவை: நோட்டு, சிவப்புப் பேனா, தோசை மாவு.

ஆவணி 18, வியாழன்

1. சூப்பிரண்டுக்கு என்னைப் பிடிக்காது. சாட்சி: அவருக்கு யாரையுமே பிடிக்காது. அடித்தாயிற்று.

2. நான் செத்துக் கிடந்தாலும் இந்த வேங்கிக்கால் தெருவில் யாருக்கும் தெரியாது. சாட்சி: பால்காரர் தினமும் பெல் அடிக்கிறார். பாதி அடித்தேன்.

3. சுமதிக்கு நான் வேண்டாம். சாட்சி: பலமாக இருக்கிறது. ஆனியில் போனில் சண்டை. "எனக்கு யாரும் வேணாம், போடி" என்றேன். கூடப் பிறந்தவள், அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை நாள் போன் இல்லை. எந்தச் சண்டை வந்தாலும் பௌர்ணமிக்கு ஆரணியிலிருந்து வந்துவிடுவாள், இரண்டு பேருமாக மலை சுற்றுவோம். ஆடிப் பௌர்ணமிக்கு ராஜகோபுரத்துக்கு எதிரில் இரண்டு மணி நேரம் நின்றேன். வரவில்லை. தனியாகச் சுற்றினேன். வழக்கமான டீக்கடையில்கூட நிற்கவில்லை, ஒரு டீ சொல்ல மனசில்லை.

மூன்றாவதை அடிக்க முடியவில்லை.

ஆவணி 20, சனி

பௌர்ணமி. கூட்டம் ஜாஸ்தி. மூன்று மணிக்கே கிளம்பினேன். வெயில் சுட்டது. கோபுர வாசலில் அவளைத் தேடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தேடினேன்.

மலை சுற்றும் வழியில், அடி அண்ணாமலை வந்ததும் கால் வலி. அதே டீக்கடை. கடைக்கார அம்மா பார்த்ததும் கேட்டார்:

"இன்னாமா, தங்கச்சி வரல? போன மாசம் நீங்க வரல, அவங்க தனியா வந்தாங்க."

"போன மாசமா? எப்போ?"

"வியாழக்கிழமதான். ஒரு மணி நேரம் இங்கயே உக்காந்துனு இருந்தாங்க. அக்கா வந்தாங்களா, அக்கா வந்தாங்களான்னு ரெண்டு மூணு தபா கேட்டாங்க."

நான் நின்றது வெள்ளிக்கிழமை.

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினேன். வியாழன் சாயங்காலம் பௌர்ணமி தொடங்கி வெள்ளி சாயங்காலம் முடிந்திருக்கிறது. அவள் தொடங்கிய நாளில் வந்தாள். நான் முடிகிற நாளில் போய் நின்றேன். எந்த நாள் என்று மாதாமாதம் போனில் பேசிக்கொள்வோம். போன மாதம்தான் பேச்சே இல்லையே.

அழுதேன். அவள் வந்திருக்கிறாள், வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஆவணி 21, ஞாயிறு

மூன்றாவதை அடித்தேன், பேப்பர் கிழிகிற அளவுக்கு. பத்து மணிக்கு போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். டீக்கடையில் கேட்டதைச் சொன்னேன்.

"நீ வெள்ளிக்கிழமயா வந்த?" சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். "நீ என்னை வேணாம்னுட்டன்னு நெனச்சிட்டேன்க்கா."

"சரி, சாயங்காலம் பஸ் ஏறி வாயேன்."

மெதுவாகச் சொன்னாள்: "நான் பெங்களூர்ல இருக்கேன்க்கா. தனியா எதுக்கு இருக்கன்னு பையன் கூட்டினு வந்துட்டான். ஆரணி வீட்ட காலி பண்ணியாச்சு. உன்கிட்ட வந்து இருக்கலாமான்னு கேக்கணும்னுதான் அன்னிக்கு வந்தேன்."

உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன். சரிக்கா என்றாள். வைத்துவிட்டோம்.

இங்கே வந்து இரு என்று நான் சொல்லவேயில்லை. மறுபடி போன் போடுகிறேன்.