மில்லுத் தொட்டியில் என் கிருமிகள்

12.02.2024 திங்கள்

இன்றும் ராத்தா என்னோடு கதைக்கவில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு, வாளி மட்டும் வேறு. மில்லில் நெல் ஊறவைத்த தண்ணீர் எங்கள் ஒழுங்கை வாய்க்காலால் ஓடிக் கிணறெல்லாம் நாறுகிறது என்று மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் ஹாஜறா ராத்தா. அந்தத் தண்ணீரைச் சுத்தம் பண்ண அதே மில்லில் வேலைக்குச் சேர்ந்தவள் அவரின் தங்கை முஸ்பிறா, அதாவது நான். எங்கள் ஊர் இறக்காமத்தில் இதைவிடப் பெரிய துரோகம் இனிமேல்தான் நடக்கவேண்டும்.

15.02.2024 வியாழன்

தொட்டியில் கிருமி பிடித்துவிட்டது! காற்றுக் குழாய் நுரைக்கிறது. தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு வந்து, மழை விழுந்த மண்ணைப் போல மணக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தேன்: மெல்லிய காம்பில் மணியைக் கவிழ்த்தாற்போல ஓர் உயிர், வாயைச் சுழற்றிச் சுழற்றிப் பக்டீரியாவைத் தின்கிறது. பக்டீரியா ஊறல் தண்ணீரின் அழுக்கைத் தின்கிறது. தின்று கொழுத்ததெல்லாம் சேறாக அடியில் படிய, மேலே தெளிந்த நீர். இந்த மில்லில் முணுமுணுக்காமல் வேலை செய்பவர்கள் இவர்கள்தான்.

முதலாளி மக்கீன் ஹாஜியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "இவ்வளவு கிருமிக்கும் நான்தானா கரண்ட் குடுக்கன்?"

19.02.2024

வியாழக்கிழமை சுற்றாடல் அதிகாரி வருகிறார். மில்லுக்குப் பெயின்ட். வேம்பின் அடிமரத்துக்கும் வெள்ளை. ஹாஜியார் தொட்டியைப் பார்த்து, "என்ன புள்ள இப்பிடிக் கலங்கிக் கிடக்கு? வாறவருக்கு முகம் தெரியிற மாதிரி இரிக்கணும்" என்றார். அந்தக் கலங்கலில்தான் உயிர் இருக்கிறது என்றேன். "ஓம், ஓம்" என்றார். இரண்டு தரம் சொன்னால் ஒரு தரமும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

21.02.2024 புதன்

கொன்றுவிட்டார்.

குளோரின் வாடை கேற்றடியிலேயே மூக்கில் ஏறியது. வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குப் போடுகிற அதே பவுடர், மூடைக்கணக்கில். மேற்பார்வையாளர் மிஹ்லார் பெருமையோடு நின்றார். "ஹாஜியார்தான் கொட்டச் சொன்ன. எப்பிடி வெளுத்திட்டு பாத்தியா தங்கச்சி?"

நுண்ணோக்கியில் ஒன்றுகூட அசையவில்லை. சாவுச் செய்திக்குச் சொல்வதுபோல இன்னாலில்லாஹி என்றேன். "ஆரு மவுத்து?" என்று கேட்டார் மிஹ்லார்.

22.02.2024

பூமாலை, இளநீர், கட்லட், அதிகாரி. இரவு முழுக்க ஊறல் தண்ணீர் வந்து சேர்ந்த தொட்டி புளித்து நாறியது. மாலையின் மல்லிகை பாவம், தனியே என்ன செய்யும்? ஹாஜியார் என்னைக் காட்டினார்: "இந்தப் புள்ளைக்குக் கிருமி வளர்க்கத் தெரியல்ல சேர்."

வாயை மூடியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். மூடவில்லை. "வளர்த்தன் சேர். குளோரின் கொட்டிக் கொன்டுட்டாங்க. வெறும் மூடை அந்தா கிடக்கு."

கழிவுநீர் வெளியேறும் வழியை அடைக்கச் சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. மில் நின்றது. என் வேலையும்.

25.02.2024

நெல் காயவைக்கிற பெண்களுக்கெல்லாம் வேலை இல்லை. அவர்களில் ஒருத்தி உம்மு, கடைவாசலில் மறித்தாள். "நீ வாயப் பொத்திட்டு இரிந்திருந்தா என்னகா?" இவ்வளவு காலமும் மூக்கைப் பொத்தியது போதாதாம்.

ராத்தாவாவது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அவளும் அங்க இரிந்தவள்தானே" என்று உம்மாவிடம் சொன்னாராம். இரண்டு பக்கத்துக்கும் நான்தான் கிருமி.

ஏன் இப்பிடி அழுகை வருது எனக்கு? ஒரு தொட்டிச் சேத்துக்கா?

02.03.2024 சனி

ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க அல்ல.

"திரும்ப உண்டாக்கேலுமா?"

"ஏலும். விதைக்குச் சேறு வேணும். பொத்துவில் பக்கம் ஹோட்டல் ஒண்டுல நல்ல தொட்டி இரிக்கி."

"ஹோட்டலெண்டா... கக்கூஸ் தண்ணியா?"

"ஓம்."

"வெள்ளைக்காரன்ட நஜீஸ என்ட மில்லுக்கா?"

நெல்லுக்குக் கிட்டவும் வராது, தொட்டியோடு நிற்கும் என்றேன். இனி என்னைக் கேட்காமல் தொட்டியில் ஒரு சொட்டும் விழக்கூடாது என்றும் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டே போனார். பின்னேரம் சேறு ஏற்றப் பௌசர் லொறி போய்விட்டதாம்.

09.03.2024

ஹோட்டல் சேறு விட்டு ஒரு கிழமை. நுண்ணோக்கியில் ஒன்றும் அசையவில்லை.

17.03.2024

மில் நிற்பதால் ஊறல் தண்ணீர் இல்லை. நோன்போடு நின்று, தொட்டியின் நோன்பில்லாத கூட்டத்துக்குத் தவிட்டுக் கஞ்சி ஊற்றுகிறேன். இன்று ஏதோ நெளிந்தது. கண் சுத்துதோ? இல்லை, நெளிந்ததுதான்.

29.04.2024 திங்கள்

அதிகாரி அனுமதி கொடுத்து, பெருநாளுக்குப் பிறகு மில் ஓடுகிறது. நெல் கொண்டு வருகிற எல்லோரையும் ஹாஜியார் தொட்டியடிக்குக் கூட்டிப் போகிறார். பக்டீரியாவுக்கு இப்போது "என்ட ஆக்கள்" என்று பெயர். பினாயில் போத்தலோடு அந்தப் பக்கம் போனதற்கு மிஹ்லாருக்கு நல்ல ஏச்சு.

பின்னேரம் ராத்தா வந்தார். யாரோடும் பேசாமல் நேரே தொட்டியடிக்கு நடந்தார். முந்தானை மூக்குக்குப் போகவில்லை. எட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னகா வளர்க்காய்?"

என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் ஹாஜியார் விளக்கத்தைத் தொடங்கிவிட்டார். பாதி பிழை. திருத்தவில்லை. ராத்தா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.